அத்தானின் மைலேஜ் சத்தியம்

எங்கள் அத்தான் சேவுகப்பெருமாளைப் பற்றிக் காரைக்குடி வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "தங்கமான மனுசன். ஒரு கேதத்தை விடமாட்டாரு." சாவு விழுந்த வீட்டில் சொல்லி அனுப்பாமலே வந்து நிற்பவர், மாலையைப் போட்டுவிட்டு நழுவிவிடாமல் சுடுகாடு வரைக்கும் கூடவே வருபவர், ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பவர். இதையெல்லாம் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுசர் போனது செத்தவர்களுக்காக இல்லை, மைலேஜுக்காக. அதைச் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நான் ரேணுகா. அத்தானின் மனைவி அன்னக்கிளி என் கூடப்பிறந்த அக்கா. அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதனால் அத்தானுக்குக் கார் வந்த நாளிலிருந்து பெருக்கல், வகுத்தல் எல்லாம் என் தலையில் விழுந்தது.

அத்தான் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர். "எங்க வீட்டுல இம்புட்டு யூனிட்டு ஓடியிருக்காதுங்க" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "ஆளு பொய் சொல்லுவாக, மீட்டரு சொல்லாது" என்று அடித்துவிடுவார். நாய் துரத்தினாலும் ரீடிங்கை எழுதிவிட்டுத்தான் ஓடுவார். அப்படி ஓடி ஓடியே ஓய்வும் பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு ஹைபிரிட் கார் வாங்கினார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எப்போது எதில் ஓடுவது என்று வண்டியே முடிவு செய்துகொள்ளும். ஒயர் சொருகிச் சார்ஜ் ஏற்றவும் வேண்டாம், பிரேக்கை மிதித்தால் தானாக ஏறிக்கொள்ளும். லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று கம்பெனிக்காரன் புத்தகத்தில் அச்சடித்திருந்தான். அச்சில் வந்த எண் என்றால் அத்தானுக்கு அது வேதம்.

வண்டியைக் குலசாமிக்குக் காட்டுவதற்காக ஒக்கூருக்கு அங்கிட்டு இருக்கும் கருப்பர் கோயிலுக்குப் போனோம். கிடா வெட்டு. எங்கள் தம்பி சின்னக்கருப்பும் வந்திருந்தான். அவன் பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறான். உலகத்தில் அது ஒன்றுதான் வண்டி, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பது அவன் கட்சி. வயிற்றில் கறியும் சோறும் இறங்கியதும் வாய் சும்மா இருக்குமா?

"மச்சான், இருபத்தெட்டுங்கிறது காகிதத்துல ஓடுற வண்டிக்கு. ரோட்டுல ஓடுற வண்டிக்கு இருபது வந்தாலே நீங்க இன்னொரு கெடா வெட்டணும்."

"கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா மாப்ள? ஓட்டிப் பாக்காமயா போட்ருப்பான்?"

"ஓட்டித்தான் பாத்திருப்பான். ஏசி போடாம, மேடு பள்ளம் இல்லாம, ஆளில்லாத எடத்துல ஓட்டிப் பாத்திருப்பான். நீங்க எங்கக்காவ ஏத்திக்கிட்டுல்ல ஓட்டுறீக!"

பந்தியே சிரித்துவிட்டது. அக்காகூடச் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு விறுவிறுவென்று சாமிக்கு முன்னால் போனார். அங்கே எரிந்துகொண்டிருந்த சூடத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"என் வண்டி லிட்டருக்கு இருபத்தெட்டு குடுக்கும். எம்மக சுபலட்சுமி மேல சத்தியம்!"

சூடம் அணைந்தது. சிரிப்பும் அணைந்தது. எங்கள் பக்கத்தில் வயல் வரப்புத் தகராறு, நகை காணாமல் போனது, இப்படிப்பட்ட விவகாரங்களுக்குத்தான் சூடம் அடிப்பார்கள். மைலேஜுக்குச் சூடம் அடித்த முதல் ஆள் எங்கள் அத்தானாகத்தான் இருப்பார். அடித்த சத்தியம் பொய்யாகிவிட்டால் கருப்பர் சும்மா விடமாட்டார். யார் பேரைச் சொன்னோமோ அவர்களிடம்தான் முதலில் போவார். சுபலட்சுமி அப்போது சென்னையில் புருசன் வீட்டில் முழுகாமல் இருந்தாள், நாலாவது மாதம். ஒரே பிள்ளை. அக்கா எச்சில் இலையை எடுத்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இத யாராச்சும் எம்பிள்ளட்டச் சொன்னீக, அப்புறம் நான் மனுசியா இருக்கமாட்டேன்" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். சின்னக்கருப்பு மட்டும் பல்லைக் குத்திக்கொண்டே, "டேங்கு நெறைய ஊத்தி ஓட்டிட்டு வந்து சொல்லுங்க மச்சான்" என்றான். அவனுக்கு அப்போதும் விளையாட்டுதான்.

டேங்கை நிறைத்தார் அத்தான். காய்கறிக் கடைக்கு ஓட்டினார், பால் வாங்க ஓட்டினார், அடுத்த தெரு முடிதிருத்தகத்துக்கும் ஓட்டினார். இன்ஜின் சூடாவதற்குள் போகிற இடம் வந்துவிடும். வெயில் கொளுத்தியதால் ஏசியும் ஓடியது. வாரக் கடைசியில் நாலு வழிச் சாலையில் மதுரைக்கு ஒரு விரட்டு விரட்டினார். டேங்க் காலியானதும் மறுபடி நிறைத்துக்கொண்டு வந்து என்னிடம் எண்களைக் கொடுத்தார். வகுத்தேன். இருபத்தொன்று வந்தது.

"நீ தப்பா வகுத்திருக்க. வண்டியிலேயே இருபத்துமூணுன்னு காட்டுது."

"பங்க்குல ஊத்துனதத்தான வகுக்க முடியும் அத்தான்? வண்டி கூட்டிக் காட்டுது."

அத்தான் வண்டிக்குப் போய்த் திரையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தார். ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்களிடம் அவர் மீட்டருக்காகச் சண்டை போட்டிருக்கிறார். "மீட்டரே பொய் சொல்லுதேம்மா" என்றார் கடைசியில். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் அவருக்குப் பயம் மீட்டரைப் பற்றி இல்லை, மகளைப் பற்றி. அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டு, "படியில பாத்து எறங்கும்மா, தண்ணிய நல்லாக் குடிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அத்தான், இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றேன் நான். "இருபத்தொண்ணுதான் வருது, வாய்க்கொழுப்புல சொல்லிப்புட்டேன்னு தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அப்படியே போயிக் கருப்பர் கால்ல விழுங்க. தீந்துச்சு."

"கருப்பர் கால்ல நூறு தடவ விழுவேன். அவன்ட்டச் சொல்லமாட்டேன்."

ஆண்பிள்ளைகளின் மூளை எங்கே இருக்கிறது என்று தேடுவதை நான் அன்றைக்கு விட்டதுதான், இன்றுவரை தேடவில்லை.

கருப்பருக்குச் சாமியாடுவது பெத்தன். மற்ற நேரத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்மேல் சாமி இறங்கியபோது அத்தான் முன்னால் போய் விழுந்தார். நானும் அக்காவும் பின்னால் நின்றோம்.

"சாமி, வண்டியில இருபத்துமூணு காட்டுது..."

"அது செல்லாதுடா!" என்று அரிவாளை ஆட்டியது சாமி. "டேங்குக்கு டேங்கு! ஒரே பங்க்கு! ஒரே பம்பு! வழிய வழிய ஊத்தணும்!"

"ஏசி போட்டா சாமி, போடாமயா?"

சாமி கொஞ்சம் யோசித்தது. "அது உன் இஷ்டம்."

"எப்பக்குள்ள சாமி?"

"பிள்ள மண்ணுல விழுறதுக்குள்ள சத்தியத்த நெசமாக்கு!" என்று சொல்லிவிட்டுச் சாமி சட்டென்று மலையேறிவிட்டது. பெத்தனுக்கு மூன்று மணி டிரிப் எடுக்க நேரமாகிவிட்டது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்களுக்குச் சனி. முதலில் ஏசியை நிறுத்தினார். சரி, கண்ணாடியை இறக்கலாம் என்று பார்த்தால், காற்று உள்ளே வந்து வண்டியை இழுக்கிறது என்று அதையும் ஏற்றிவிட்டார். பங்குனி வெயிலில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் இட்லிக்கு என்ன தோன்றும் என்று தெரிந்துவிடும். ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டில் வைத்தார். பாரம் குறையட்டும் என்று கால்மிதியை எடுத்தார், முன்னால் வைத்திருந்த பிள்ளையாரையும் எடுத்தார். டயரில் காற்றை அதிகமாக அடித்து வைத்ததில் வேகத்தடையில் வண்டி தவளை மாதிரி குதித்தது. அக்கா சாமி கும்பிடத் தேங்காய் வாங்கினால், "ரெண்டு எதுக்கு, ஒண்ணு பத்தாதா?" என்பார். இறக்கம் வந்தால் அந்தக் கால மொபெட் பழக்கத்தில் வண்டியை நியூட்ரலில் தள்ளிவிடுவார். மேம்பாலத்தில் ஏறி நியூட்ரலில் இறங்குவதற்காகவே ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். கடைசியில் ஷோரூமில் விசாரித்தால், நியூட்ரலில் போட்டால் இந்த வண்டிக்குப் பேட்டரி சார்ஜே ஏறாது என்றார்கள். இத்தனை பாடு பட்டும் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. சுபாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கொத்தமங்கலம் ரோட்டில் ஒரு சவ ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முன்னால் கொட்டு, வெடி, பூ எறிதல், ஆட்டம். குறுக்கே ஒதுங்க வழியில்லை. அரிசி வேகிற நேரத்துக்கு நாலு அடி நகர்ந்தது கூட்டம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். அத்தான் மட்டும் மூச்சுவிடாமல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேணுகா, இன்ஜின் சத்தம் கேக்குதா?"

"கொட்டுச் சத்தந்தான் கேக்குது."

"இன்ஜினே ஓடல. பேட்டரியில போகுது. பிரேக்க மிதிச்சா சார்ஜு, நகந்தா பேட்டரி. மைலேஜு ஏறுதும்மா!" அவர் கண்ணில் தண்ணீர் தேங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊர்வலத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். யாரோ முன்பின் தெரியாத மனுசர், காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டே பின்னால் வருகிறார். அவர் கைகூப்பினார். அத்தானும் கைகூப்பினார். செத்தவர் ராக்காயி என்ற அம்மாளின் புருசன் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

அவ்வளவுதான், சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஹைபிரிட் வண்டி விரட்டினால் குடிக்கும், ஊர்ந்தால் குடிக்காது. காரைக்குடியில் ஊர்ந்து போவதற்கு எங்கே நெரிசல் இருக்கிறது? கடைவீதியில் இரண்டு நிமிடம் ஊரலாம், பிறகு விரட்ட வேண்டியதுதான். மெதுவாக, நெடுநேரம், ஒழுங்காக ஊர்வது ஊர்வலம் மட்டும்தான். தேர்த் திருவிழா வருசத்துக்கு ஒருமுறை. கல்யாண ஊர்வலம் இப்போதெல்லாம் மண்டப வாசலோடு சரி. சாவுக்குத்தான் பஞ்சமே இல்லை.

காலையில் எழுந்ததும் அத்தான் பேப்பர் படிக்கமாட்டார், சுவரைப் படிப்பார். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து நெருக்கமாகிவிட்டார். வீட்டிலிருந்து சுடுகாடு வெகுதூரம் என்றால் முகம் மலரும். பக்கத்திலேயே என்றால், "பாவம், சின்ன வயசு" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார். வேனில் வைத்து வேகமாக எடுத்துப் போகிற வீடுகள் என்றால் அவருக்குக் கோபம் வரும். "மனுசன அனுப்புற முறையா இது? நடந்துல்ல கொண்டுபோகணும்" என்பார். சனங்கள் அதையும் மெச்சினார்கள்.

வண்டி சத்தமே இல்லாமல் வந்ததால் துக்க வீட்டுக்காரர்களுக்கும் பிடித்துப்போயிற்று. நடக்க முடியாத பெரியவர்கள் அதில் ஏற ஆரம்பித்தார்கள். பாரம் கூடினால் மைலேஜ் குறையும். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஒவ்வொரு பெரியவர் ஏறும்போதும் அத்தான் கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொள்வார். துக்கம் தாங்காமல் கடிக்கிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். போகப் போக அவர் நிஜமாகவே அழ ஆரம்பித்தார் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். பாடையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மகள் ஞாபகம்தான் வந்தது.

அக்காதான் வெடித்தாள். "வயித்துப் பிள்ளக்காரிய வீட்டுக்குக் கூட்டியாரப் போறோம். தகப்பன் சுடுகாடு சுடுகாடா அலையிறாரே, எந்த ஊர்லயாச்சும் உண்டா?"

"அவளுக்காகத்தான அலையிறேன்."

"அவளுக்கு ஆகாதுன்னுதான நானும் சொல்றேன்!"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதுதான் கொடுமை.

வளைகாப்பு முடிந்து சுபாவைப் பேறுகாலத்துக்கு அழைத்து வந்தோம். ரயில்வே ஸ்டேஷனில் அப்பாவைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள். அத்தான் ஒரு கேதத்திலிருந்து நேரே வந்திருந்தார். "கிட்ட வராதம்மா, குளிக்கல" என்று பின்னால் நகர்ந்துகொண்டார். வண்டியில் ஏறியதும் அவள், "ஏசி ரிப்பேராப்பா?" என்றாள். "ஆமாம்மா" என்றார். முகமெல்லாம் வேர்த்து வழிய வீடு வந்து சேர்ந்தாள்.

அதற்கப்புறமும் அப்படியேதான். வீட்டுக்கு வெளியே பைப்படியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். குளித்தாலும் சுடுகாட்டுக் காற்று ஒட்டியிருக்கும் என்று மகளிடமிருந்து பத்தடி தள்ளியே நிற்பார். அங்கே நின்றுகொண்டு, "சாப்பிட்டியாம்மா? கால் வீங்கியிருக்கா?" என்று கேட்பார். அவள் வீட்டுக்காரர் அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. அத்தான் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு இறங்கி வந்துதான் கல்யாணம் நடந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொண்டாள்.

"சித்தி, அப்பாவுக்கு என்னப் பாத்தாலே ஆகலயா? எம்பிள்ளயத் தூக்குவாரா மாட்டாரா?" என்று என் மடியில் படுத்து அழுதாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அக்கா அடுப்படியிலிருந்து முறைத்தாள். விழுங்கிக்கொண்டேன். சத்தியம் அவர் போட்டது, வாயடைத்துக் கிடந்தது நாங்கள்.

மாதம் நெருங்கியது. கடைசி டேங்க். அதை அத்தான் ஊர்வலம் தவிர வேறு எதற்கும் தொடவில்லை. பால் வாங்க நடந்து போனார். வண்டி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. பங்க் கணக்கிலும் இருபத்தேழு தாண்டும்போல இருந்தது. இன்னும் ஒரே ஒரு நீளமான சாவு கிடைத்தால் இருபத்தெட்டு. கிடைத்தது. அரியக்குடிப் பக்கம், நிறைந்த வயதில் போன ஒரு பெரியவர். வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் நல்ல தூரம். அத்தான் விடிந்ததும் கிளம்பிவிட்டார்.

பகல் பதினொரு மணிவாக்கில் சுபாவுக்கு வலி கண்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வரட்டும் சித்தி. அப்பா வண்டியிலதான் போவேன்."

அத்தானுக்குப் போன் அடித்தேன். பின்னால் கொட்டுச் சத்தம். "சுபாவுக்கு வலி வந்துருச்சு, உங்க வண்டியிலதான் வருவேங்கிறா" என்றேன். கொட்டு மட்டும் விடாமல் அடித்தது. "அத்தான்!" என்று கத்தினேன். அப்போது கேட்டது, "ஐயோ எம்மகளே!" என்று ஓர் அலறல். ஊர்வலம் முழுக்க அதைக் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் நான் அதுவரை கேட்டே இராத ஒன்று போனில் கேட்டது. அந்த வண்டியின் இன்ஜின் உறுமியது.

பத்து நிமிடத்தில் வாசலில் வந்து நின்றார். பின் சீட்டில் இரண்டு பெரியவர்கள் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சுடுகாட்டுக்கென்று ஏறியவர்களை இறக்கிவிட அவருக்குத் தோன்றவில்லை, அவர்களுக்கும் இறங்கத் தோன்றவில்லை. ஒருவரை இறக்கி வாசலில் கிடந்த அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மற்றவரை ஓரமாக ஒதுக்கி நானும் அக்காவும் திணித்துக்கொண்டோம். சுபாவை முன் சீட்டைச் சாய்த்து உட்கார வைத்தோம். அத்தான் மகளைத் தொடாமல், கதவை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, ஏசி..." என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தான் ஏசியை முழுசாகத் திருப்பினார். ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் பின்னால் இருந்த பெரியவர் என் தோளில் சாய்ந்தார். மேடு, பள்ளம், வேகத்தடை எதையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் அத்தான் முகம் தெரிந்தது. தாரை தாரையாகக் கண்ணீர். ஒரு காலில் மகள், ஒரு காலில் சத்தியம். எதை மிதித்தாலும் மகள்தான். "மகராசனாப் போனாரு அவரு, மகராசனாப் பொறக்கட்டும் இவுக பிள்ள" என்று பெரியவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் சுபாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சின்னக்கருப்பு ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மதியம் போயிற்று. தலைப்பிரசவம், நேரமாகும் என்றார்கள். அத்தான் குளிக்கப் போகமாட்டேன் என்று வராந்தாவின் மூலையில் நின்றார். சுவரையே பார்த்துக்கொண்டு, "பிள்ள மண்ணுல விழுந்துருமா, அதுக்குள்ள விழுந்துருமா" என்று முணுமுணுத்தார்.

சாயங்காலம் வாசலில் ஒரு மினிபஸ் வந்து நின்றது.

ஊர்வலத்தில் அந்த அலறலைக் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? சேவுகப்பெருமாள் அழுதுகொண்டே ஓடினார் என்று ஒருவர் போனில் சொல்ல, மகளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அடுத்தவர் சொல்ல, அது கொத்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது முடிந்த காரியமாகிவிட்டது. நம் வீட்டுக் கேதத்துக்கு வந்தவர் வீட்டுக் கேதத்துக்கு நாம் போகவில்லை என்றால் நாம் மனுசர்களா? பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கையில் ரோசாப்பூ மாலை, சாவுச் சடங்குக்கான நீர்மாலைத் துணி, ஒருவர் கையில் சங்குகூட இருந்தது. தலைவிரி கோலமாக அந்தக் கொத்தமங்கலத்து ராக்காயி முன்னால் வந்தாள். "தாய்வீடு வந்த தங்கமே, தகப்பன விட்டுப் போனியே!" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒப்பாரியை எடுத்துவிட்டாள். இருபது முப்பது பெண்கள் பின்னாலேயே பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் டிரைவர் சீட்டிலிருந்து பெத்தன் இறங்கினார், கையில் ஒரு மாலையோடு.

அத்தான் பெத்தனைப் பார்க்கவில்லை. கருப்பரைப் பார்த்தார். மகளுக்கு ஆனது எங்களுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது, சாமியே வசூலுக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். உள்ளே இருக்கிற டாக்டர்கள் எங்களிடம் மறைக்கிறார்களோ என்று அக்கா கதவில் போய் முட்டினாள். அத்தான் கீழே விழுந்தார். விழுந்தவர் பெத்தன் காலைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னக்கருப்பின் காலைக் கட்டிக்கொண்டார்.

"இருபத்தொண்ணுதான் மாப்ள! நம்ம ஓட்டுற ஓட்டுக்கு இருபத்தொண்ணுதான் குடுக்குது! நீ சொன்னதுதான் சரி! இருபத்தொண்ணு! கருப்பா, எம்மகள விட்ரு!"

ஒப்பாரி ஒரு நொடி தடுமாறியது. "சின்ன வயசுதான், பாவம்" என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். சின்னக்கருப்பு ஐந்து மாதமாக அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தான். சிரிக்கவில்லை. "எந்திரிங்க மச்சான், எந்திரிங்க. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்று அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் அவனும் கீழே உட்கார்ந்து அழுதான்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தார். "யாருங்க சுபலட்சுமி வீட்டு ஆளுக? பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. இங்க என்ன இம்புட்டுச் சத்தம்? யாரு செத்தது?"

ராக்காயிதான் முதலில் சுதாரித்தாள். ஒப்பாரிக்கு எடுத்த மூச்சை வீணாக்காமல் அப்படியே குலவையாகப் போட்டாள். அத்தனை பெண்களும் சேர்ந்து போட்ட குலவையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. கையில் இருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பெத்தன் வராந்தாவில் இருந்த பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். சங்கு வைத்திருந்தவர் அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

எங்களை உள்ளே விட்டார்கள். சுபா களைத்துக் கிடந்தாள். பிள்ளை பக்கத்தில் தூங்கியது. அத்தான் கதவோரம் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கப்பா."

"குளிக்கலம்மா."

"பரவால்ல, வாங்கப்பா" என்று அவள் கையை நீட்டினாள். நீட்டிய கையை எடுக்கவே இல்லை. அத்தான் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வந்தார். வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாளாகத் தொடாத கை.

"வெளிய நீங்கதான கத்துனீக? இருபத்தொண்ணு, இருபத்தொண்ணுன்னு கேட்டுச்சு. என்னப்பா அது இருபத்தொண்ணு?"

அத்தான் எங்களைப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லிட்டருக்கும்மா" என்றார் அத்தான். மகள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதார். "லிட்டருக்கு."